பட்டன் போனிலும் நெட் உண்டு, உங்கள் பக்கம்தான் திறக்க மாட்டேன் என்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் கையில் இருப்பது மடக்குகிற பட்டன் போன். எங்கே எடுத்தாலும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு, அடுத்து "இதில் நெட் எல்லாம் வருமா?" என்று ஒரு கேள்வி. வரும். போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு செய்தியின் கீழே "முழு விவரம் நம் இணையதளத்தில்" என்று போட்டிருந்தீர்கள். சரி, பார்ப்போம் என்று போனைத் திறந்து, முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். எஸ் என்ற ஒரே ஒரு எழுத்துக்கு 7ஐ நான்கு தடவை அழுத்த வேண்டும், கை நழுவி ஐந்தாவது தடவை அழுத்தினால் எழுத்து மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து. இவ்வளவு பாடுபட்டு உள்ளே போனால் வெள்ளைத் திரை. அப்புறம் ஒரு விளம்பரத்தின் மேல் பாதி. அப்புறம் "மெமரி போதவில்லை" என்று சொல்லிவிட்டு பிரவுசர் தானாக மூடிக்கொண்டது. செய்தியில் ஒரு வரிகூடக் கண்ணில் படவில்லை.

கோபத்தில் எழுதுகிற கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் கோபம் இருக்கிறது, ஆனால் எழுதுவதற்குக் காரணம் வேறு. பட்டன் போனில் நெட் ஓடாததற்குப் போனும் அதை வைத்திருப்பவரும்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அது பாதி உண்மை.

டச் போன் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் எதுவும் இல்லை. விரல் நடுங்குகிறவர்களுக்குப் பட்டன்தான் சரி. சார்ஜ் நாள்கணக்கில் நிற்கிறது. பேசி முடித்ததும் டப் என்று மடக்கினால் அழைப்பு முடிந்துவிடும், அந்தச் சுகம் தனி. சிலர் வேண்டுமென்றேதான் இதற்கு மாறுகிறார்கள், நாள் முழுக்கத் திரையைத் தேய்த்து அலுத்துப்போனவர்கள்.

சின்னப் போனில் நெட் என்பது ஒன்றும் புது ஆசை அல்ல. 1999இல் வந்த நோக்கியா 7110இல் 'வாப்' என்ற முறையில் செய்தி, வானிலை, விளையாட்டு முடிவு எல்லாம் பார்க்க முடிந்தது. அதில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்த இடம் சுமார் 1,400 பைட்தான். அதே 1999 பிப்ரவரியில் ஜப்பானில் டோகோமோ நிறுவனம் 'ஐ-மோட்' என்ற போன் இணையச் சேவையைத் தொடங்கியது. அங்கே மடக்குப் போன்களிலேயே கோடிக்கணக்கானவர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள், ரயில் நேரம் பார்த்தார்கள், டிக்கெட் எடுத்தார்கள். சின்னத் திரை, சின்னப் பக்கம், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. இப்போது எல்லோரும் அனுப்புகிற சிரித்த முகங்களும் இதயங்களும் உலகம் முழுக்கப் பரவியதில் அந்த ஐ-மோட் போன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சேவையையும் 2026 மார்ச்சுடன் நிறுத்துவதாக அந்த நிறுவனம் முன்பே அறிவித்துவிட்டது.

இப்போதைய கணக்கைப் பாருங்கள். பழைய 2ஜி போனில் ஜிபிஆர்எஸ் என்ற டேட்டா முறை ஓடும். ஏட்டில் நொடிக்கு 171 கிலோபிட் வேகம் என்று இருக்கும், கைக்கு வருவது 40 கிலோபிட் பக்கம், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு 5 கே.பி. இன்றைக்கு ஒரு செய்திப் பக்கம் 2 எம்.பி. எடை என்பது சர்வசாதாரணம். அது முழுவதும் இறங்க கிட்டத்தட்ட 7 நிமிடம் ஆகும். அந்த 2 எம்.பி.யில் படிக்கிற எழுத்து எவ்வளவு இருக்கும் என்றால், சாம்பாரில் பெருங்காயம் அளவுதான். மற்றதெல்லாம் படம், விளம்பரம், தானாக ஓடுகிற வீடியோ, யார் எதைப் படித்தார்கள் என்று எண்ணுகிற நிரல்கள்.

4ஜி வந்த பிறகு வேகம் ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் 2022இல் வந்த நோக்கியா 2660 பிளிப்பில் 4ஜி இருக்கிறது, ரேம், அதாவது பக்கத்தைத் திறந்து வைக்கிற தற்காலிக மெமரி, 48 எம்.பி.தான். பட்டன் போனுக்கென்றே செய்த கைஓஎஸ் என்ற இயங்குதளம் ஓடுகிற போன்கள் கொஞ்சம் தேவலாம், அவற்றில் 256 அல்லது 512 எம்.பி. இருக்கும். டச் போன்களில் அது ஜி.பி. கணக்கில். குழாயைப் பெரிதாக்கிவிட்டோம், குடம் சின்னதாகவே இருக்கிறது. தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டால் குடம் சீக்கிரம் வழியும், அவ்வளவுதான். இதில் பக்கத்துக்குள் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரலின் தொல்லை வேறு. முன்பெல்லாம் அது ஓடாத பிரவுசரில் பக்கம் அலங்காரம் இல்லாமல் மொட்டையாகவாவது தெரியும். இப்போது அது ஓடவில்லை என்றால் பல தளங்களில் பக்கமே வராது. 2025 ஜனவரியிலிருந்து கூகுள் தேடலே அந்த நிபந்தனையைப் போட்டுவிட்டது.

கைஓஎஸ் என்றதும் ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். மொசில்லா என்ற அமைப்பு கைவிட்ட போன் இயங்குதளமான பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸிலிருந்து எடுத்துக் கட்டியது அது. சமீப வருடங்களில் பட்டன் போனில் வாட்ஸ்அப் ஓடியது பெரும்பாலும் அதன் மூலம்தான், எத்தனையோ பேருக்கு அது ஒன்றுதான் மொத்த இணையமும். 2024 ஜூனில் அந்தப் போன்களின் ஆப் கடையிலிருந்து வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டார்கள், ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் 2025 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. போன் உடையவில்லை, டேட்டா தீரவில்லை, ஆனால் பேரன் பேத்தி படம் வருவது நின்றுவிட்டது. இதில் வைத்திருப்பவர் செய்த தப்பு என்ன?

இன்னொன்று, பூட்டு சமாச்சாரம். முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வருமே, அந்தப் பாதுகாப்பு முறையின் பழைய வடிவங்களான டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021 மார்ச்சில் முறைப்படி ஒதுக்கிவிட்டார்கள். சரியான முடிவுதான், ஓட்டை உள்ள பூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஆனால் பழைய போன்களுக்குப் புதுப் பூட்டின் சாவி யாரும் தரவில்லை. அதனால் செய்தி படிக்கப் போனாலும் "பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை" என்று கதவைச் சாத்திவிடும்.

சில சமயம் காரணம் இவ்வளவு பெரிதாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் என் போனில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை, எல்லாவற்றிலும் சான்றிதழ் பிழை, அதாவது தளத்தின் அடையாளச் சீட்டு செல்லாது என்ற அறிவிப்பு. டவரைத் திட்டினேன், சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், மகன் பார்த்துவிட்டு "அப்பா, இந்தப் போனுக்கு ஆயுசு முடிஞ்சது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். கடைசியில் பார்த்தால், பேட்டரியைக் கழற்றிப் போட்டபோது தேதி பல வருடம் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. போனின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தினேன், திறந்துவிட்டது. மகன் ஒன்றும் பேசவில்லை. இதே மாதிரி அவஸ்தைப்படுகிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள்.

பழைய போன்களைப் பல வருடம் காப்பாற்றியது ஓபரா மினி என்ற பிரவுசர். 2006 ஜனவரியில் உலகம் முழுக்கக் கொடுத்தார்கள். நாம் கேட்கிற பக்கத்தை அவர்களுடைய கணினி வாங்கி, பிழிந்து, சக்கையை எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் போனுக்கு அனுப்பும். அருமையான யோசனை. ஆனால் பக்கம் நடுவில் அவர்கள் கணினியில் பிரிக்கப்பட்டுத்தான் நமக்கு வருகிறது, அதனால் பணம், கடவுச்சொல் சம்பந்தப்பட்ட எதையும் அந்த வழியில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

தமிழ் படிக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தண்டனை உண்டு. எல்லாத் தடையையும் தாண்டிப் பக்கம் வந்துவிட்டால்கூட, போனில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வரிசையாகக் கட்டம்தான். எழுத்துரு இருந்து, அதைச் சேர்த்துக் கோக்கத் தெரியாத போன் என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். குறுஞ்செய்தியிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் என்றால் 70. அந்த 70ஐயும் நாம் எண்ணுகிற மாதிரி போன் எண்ணாது. 'நன்றி' நமக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து குறியீடு, புள்ளிக்கு ஒன்று, இகரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளும். செய்தி 70ஐத் தாண்டினால் துண்டாகும், துண்டுக்கு 67தான், தாண்டினால் இன்னொரு துண்டுக்கும் சேர்த்துக் காசு. நன்றி சொல்லவே கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

நெட் வேண்டும் என்கிற எங்களுக்கு இந்தக் கதி என்றால், நெட்டே வேண்டாம் என்கிறவர்கள் பாடு அதைவிட மோசம். பல பட்டன் போன்களில் நடுப் பட்டனையோ மேல் அம்புக்குறியையோ அழுத்தினால் நேரே பிரவுசர் திறக்கும். மடக்கி வைத்திருக்கும்போது உள் பட்டன்கள் பத்திரம், ஆனால் பேசி முடித்துக் காதிலிருந்து எடுக்கும்போது கட்டைவிரல் போய் அங்கேதான் உட்காரும். திரை மாறுகிறது, என்னவென்று புரிவதற்குள் பேலன்ஸ் குறைந்திருக்கும். என் அக்காவுக்கு இது பல தடவை நடந்து, போன் தானாகக் காசு தின்கிறது என்று அதைத் தொடுவதற்கே பயந்துகொண்டிருந்தார். அவர் கற்பனை செய்யவில்லை என்பதற்கு 2010இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். வெரைசன் நிறுவனம் இப்படி வேண்டாத டேட்டாவுக்குப் பணம் பிடித்ததாகப் புகார்கள் குவிந்து, அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் விசாரித்து, அரசுக்கு 2.5 கோடி டாலர் கட்ட வைத்தது. அது போக, சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 5.28 கோடி டாலர் திருப்பித் தர வேண்டியிருந்தது.

அக்காவின் போனுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் அமைப்புகளில் டேட்டாவை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று தேடினேன், அந்தப் போனில் இல்லை. குறுக்குவழிப் பட்டனை மாற்றலாமா என்று பார்த்தேன், அதுவும் முடியவில்லை. கடைசியில் ஏபிஎன் என்ற இடத்தில், போன் எந்த வாசல் வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கும், அங்கே அர்த்தமில்லாத ஒரு பெயரை அடித்து வைத்துவிட்டேன். இப்போது பட்டனை அழுத்தினால் பிரவுசர் திறக்கும், வாசல் தெரியாமல் முழிக்கும், மூடிக்கொள்ளும். அந்தப் போனில் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. எம்எம்எஸ் படங்கள் மட்டும் வராமல் போகலாம், ஏனென்றால் அதுவும் டேட்டா வழியில்தான் வருகிறது. போனில் கைவைக்கப் பயம் என்றால் சேவை நிறுவனத்துக்கே சொல்லி அந்த எண்ணுக்கு டேட்டாவை நிறுத்தச் சொல்லலாம், கேட்டால் செய்கிறார்கள், என்ன, மனிதக் குரல் வரும் வரை எண்களை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சமீபத்தில் ஓர் அலுவலகத்தில் படிவம் கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தைக் காட்டி "ஸ்கேன் பண்ணிக்கோங்க சார்" என்றார்கள். போனை மடக்கிக் காட்டினேன். அந்தப் பெண் பாவம், வெட்கப்பட்டு, தன் கணினியிலிருந்து ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார். ஒரு பக்கப் படிவம், அதில் படம்கூட இல்லை. அதைச் சின்னப் போனிலும் திறக்கிற மாதிரி ஒரு சாதாரண முகவரியில் வைத்து, அந்த முகவரியைக் கட்டத்தின் கீழே எழுதி வைப்பதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் தளத்தில் எழுத்து மட்டும் உள்ள ஒரு பக்கம் வையுங்கள். மேலே தலைப்புகள், தலைப்பை அழுத்தினால் செய்தி. வீடியோ வேண்டாம், நிரல் வேண்டாம், விளம்பரம் வேண்டுமானால் இரண்டு வரி எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், நான் படிக்கிறேன். முகவரியை மட்டும் தயவுசெய்து சின்னதாக வையுங்கள், 7ஐ அதிகம் அழுத்த வைக்காதீர்கள். பழைய போனுக்கு மட்டும் ஆகிற வேலை இல்லை இது. பெரிய போன் வைத்திருப்பவரும் டவர் ஒரு கோடு காட்டுகிற இடத்தில் நின்றால் என் நிலைமைதான்.

இந்தக் கடிதத்தை மகனின் கணினியில் தட்டினேன், போனில் தட்டியிருந்தால் அடுத்த மாதம்தான் உங்களுக்கு வந்திருக்கும். அனுப்புவதற்கு முன் கோப்பின் அளவைப் பார்த்தேன். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் பிடித்தும், புலம்பல் எல்லாம் சேர்த்து, மொத்தம் 40 கே.பி.க்குள்தான் வருகிறது. அந்தப் பழைய 2ஜி வேகத்தில்கூட 8 நொடியில் இறங்கிவிடும்.

இப்படிக்கு,
மடக்குப் போன் வாசகர்