நாகேஸ்வரராவ் பூங்காவில் பார்த்த அம்மாவுக்கு

இடது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஏழாவது வாரம். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் சாய்ந்து சாய்ந்து நடந்துகொண்டிருந்தேன். வலி போய்விட்டது, நொண்டல்தான் போகவில்லை. பின்னால் வந்த நீங்கள், "ஸ்டிக்கை வலது கைல பிடிப்பா" என்றீர்கள். ஆபரேஷன் ஆன பக்கம்தானே ஊன்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன். எதிர்க்கையில் பிடித்தால்தான் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குப் பாரம் குறையும் என்று சொல்லி, கூடவே ஒரு சுற்று நடந்தீர்கள். "குதிகால் முதல்ல, அப்புறம் விரல். அவசரப்படாதே." உங்கள் செருப்புச் சத்தத்துக்கு என் அடியை அளந்து வைத்தேன். மறுநாள் பிசியோதெரபிஸ்டும் அதுதான் சரி என்றார், அந்தத் தசைக்குப் பயிற்சியும் சேர்த்தார். நேற்று கபாலி கோயில் மாட வீதி நான்கையும் ஸ்டிக் இல்லாமல், சாயாமல் சுற்றி வந்தேன். உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேனே அம்மா! மனசார நன்றி.