கமிட் பட்டியலை நம்பி கிளப் சேர வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வழியாக அமெரிக்கக் கல்லூரிகளில் இடம் பிடிப்பது குறித்து உங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், பெண்கள் லாக்ரோஸ் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) பற்றி ஒரே ஒரு பத்திதான் இருந்தது. ‘அதிகப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய கிளப்பில் சேர்த்துவிடுங்கள்’ என்பதே அதன் சாரம். கிளப் என்பது பள்ளிக்கு வெளியே கட்டணம் வாங்கிப் பயிற்சி தந்து, போட்டித் தொடர்களில் அணிகளை ஆட வைக்கும் அமைப்பு. மேரிலாந்து, வர்ஜீனியா, நியூஜெர்சி பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே அறிவுரைதான் சுற்றி வருகிறது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஆறு பேர் ஆடும் வடிவில் லாக்ரோஸ் இடம்பெறுவதால் புதிதாகக் கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். அந்த அறிவுரை பாதிதான் சரி. தவறான பாதியை நம்பினால் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் போகும். மகளின் இரண்டு கோடைகளும் சேர்ந்து போகும்.

முதலில் நாள்காட்டி. என்சிஏஏ என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது; முதலாவதுதான் உச்ச மட்டம். முதல் டிவிஷன் கல்லூரிக் கோச், 11ஆம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் மாணவியுடனோ பெற்றோருடனோ சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே வாய்மொழி வாக்குறுதி வாங்கும் பழக்கம் முற்றிப்போனதால் 2017இல் என்சிஏஏ கொண்டுவந்த விதி இது. இரண்டாம் டிவிஷனில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் பேசலாம். மூன்றாம் டிவிஷனில் தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் இப்படியொரு தடை இல்லை. பேசத்தான் தடையே தவிர, பார்க்கத் தடையில்லை. செப்டம்பர் 1 அன்று யாரை அழைப்பது என்ற பட்டியல் அதற்கு முந்தைய கோடையிலேயே, அதாவது பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன், ஜூலையிலேயே, பெரும்பாலும் முடிவாகியிருக்கும். கிளப் தேர்வை இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். பல கிளப்களில் டிரைஅவுட் (அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு) கோடையின் இறுதியில் நடக்கும். ஆகவே ஒன்பதாம் வகுப்புக்கு முந்தைய டிரைஅவுட்தான் முக்கியம். பத்தாம் வகுப்புக்கு முந்தையது கடைசி வாய்ப்பு.

அடுத்து, எல்லோரையும் மயக்கும் அந்த கமிட் பட்டியல், அதாவது கிளப்பின் எந்தப் பிள்ளை எந்தக் கல்லூரியில் ஆட ஒப்புக்கொண்டாள் என்ற பட்டியல். கிளப்பின் இணையதளத்தில் கல்லூரிச் சின்னங்கள் வரிசைகட்டி நிற்கும். பட்டியல் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் விட்டுப்போனவைதான் உங்களுக்குத் தேவை. ஒரு பட்டமளிப்பு ஆண்டுக்கு (பள்ளி முடிக்கும் ஆண்டுக்கு) மூன்று அணி, அணிக்கு 22 பேர் என்றால் மொத்தம் 66 பிள்ளைகள். பட்டியலில் 18 பெயர் இருந்தால் மீதி 48 பேர் என்ன ஆனார்கள்? அந்தப் பதினெட்டில் எத்தனை பேர் முதல் அணி, எத்தனை பேர் இரண்டாவது அணி? எத்தனை பேர் ஏழாம், எட்டாம் வகுப்பிலிருந்தே அங்கே வளர்ந்தவர்கள், எத்தனை பேர் ஏற்கெனவே பெயரெடுத்து, பத்தாம் வகுப்பில் வேறு கிளப்பிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்? வந்து சேர்ந்தவர்களே அதிகம் என்றால் அந்த கிளப் ஆட்டக்காரிகளைத் திரட்டுகிறது, உருவாக்கவில்லை. மகள் ஏற்கெனவே தேர்ந்தவள் என்றால் அது குறையல்ல. இனிமேல்தான் தேற வேண்டும் என்றால் பெரிய குறை. இன்னொன்றும் செய்யலாம்: நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலை எடுத்து, அந்தப் பெயர்களை அந்தந்தக் கல்லூரிகளின் அணிப் பக்கத்தில் தேடுங்கள். யாரெல்லாம் இன்னும் ஆடுகிறார்கள், யார் முதல் ஆண்டோடு நின்றுவிட்டார்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பாதிப் பேர் காணவில்லை என்றால், பிள்ளைக்குப் பொருந்தும் கல்லூரியைவிடச் சின்னத்தின் கவர்ச்சியைப் பார்த்து அனுப்பும் கிளப்பாக இருக்கலாம், காரணம் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது ஆட்ட நிமிடங்களைப் பற்றி. போட்டித் தொடர்களில் ஆட்டங்கள் சிறியவை. பாதிக்கு 20 அல்லது 25 நிமிடம், கடிகாரம் நிற்காது, ஒரு வார இறுதியில் நாலைந்து ஆட்டம். 20 நிமிடப் பாதி, ஐந்து ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 நிமிடம். களத்தில் கோலி (கோல் காப்பவர்) நீங்கலாக 11 பேர். கோச்சுக்கு மிகவும் வேண்டிய ஒன்பது பேர் தலா 160 நிமிடம் ஆடிவிட்டால், மீதியிருப்பது 760 நிமிடம். அணியில் கோலிகள் தவிர 20 பேர் என்றால் மற்றப் பதினொரு பேருக்கு ஆட்டத்துக்குச் சுமார் 14 நிமிடம் கிடைக்கும். 25 பேரைச் சேர்த்திருந்தால் மற்றப் பதினாறு பேருக்கு ஒன்பதரை நிமிடம்தான். கல்லூரிக் கோச் ஒரு களத்தின் ஓரம் நாற்காலி போட்டு முழு ஆட்டத்தையும் பார்ப்பதில்லை; பத்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த களத்துக்குப் போய்விடுவார். அந்தப் பத்து நிமிடமும் மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், பிரபலமான சீருடை அணிந்திருந்து என்ன பயன்?

அதனால் டிரைஅவுட்டுக்கு முன் எழுத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அணியில் அதிகபட்சம் எத்தனை பேர் என்பது. 20 முதல் 22 நல்லது. 24ஐத் தாண்டினால் யோசியுங்கள். இரண்டாவது கேள்வி, விருந்தினர் ஆட்டக்காரிகள் பற்றியது. ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு வராத ஒருத்தியைக் கல்லூரிக் கோச்கள் வரும் தொடருக்கு மட்டும் அழைத்து வந்து ஆட வைப்பது சில கிளப்களில் வழக்கம். அவள் ஆடும் நிமிடங்கள் யாரோ ஒருத்தியிடமிருந்துதான் போகின்றன. நடு ஆண்டில் புதிதாக ஆள் சேர்ப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

முதல் அணியில் 22ஆவது ஆளாக இருப்பதா, இரண்டாவது அணியில் தொடக்க வரிசையில் ஆடுவதா? எங்கள் கருத்து இரண்டாவதன் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த இரண்டாவது அணி எந்தத் தொடரில், எந்தப் பிரிவில், எந்தக் களத்தில் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் அணிகள் நடுக் களங்களில் ஆட, இரண்டாவது அணிகளைப் பார்க்கிங் தாண்டிய கடைசிக் களத்துக்குத் தள்ளும் தொடர்கள் உண்டு. போன கோடையில் இரண்டாவது அணி ஆடிய அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஒரு சனிக்கிழமை நேரில் போய் அந்தக் களத்தின் ஓரத்தில் கல்லூரிச் சட்டை போட்டவர்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். எந்த இணையதளமும் இதைச் சொல்லாது.

கோலிக்குக் கணக்கு வேறு. அணிக்கு இரண்டு கோலி, ஆளுக்குப் பாதி ஆட்டம் என்பது நடைமுறை. மூன்றாவது கோலி இருக்கும் அணியில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கோலிக்குத் தனிப் பயிற்சியாளர் உண்டா, வாரத்தில் எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள். மற்றவர்கள் கோல் அடித்துப் பழக நிற்கும் இலக்காக மட்டும் கோலியை வைத்திருக்கும் கிளப்கள் பல. மிட்ஃபீல்டில் (நடுக்களத்தில்) ஆடுபவர்கள், டிரா (நடுவில் இருவர் பந்துக்குப் போட்டியிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) எடுக்கும் வாய்ப்பு யாருக்குத் தரப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் டிரா நடப்பதால், அதை வெல்லத் தெரிந்தவளுக்குக் கல்லூரிகளில் தனி மதிப்பு.

போட்டித் தொடர்களின் பட்டியலை என்சிஏஏ நாள்காட்டியோடு ஒப்பிடுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த நாள்காட்டியில் ‘டெட் பீரியட்’ என்று குறித்த நாட்களில் முதல் டிவிஷன் கோச் எந்த மாணவியையும் நேரில் பார்க்க முடியாது. அந்த நாட்களில் வரும் தொடருக்கு விமானச் சீட்டும் மூன்று இரவு ஹோட்டலும் போட்டுப் போவது ஆட்ட அனுபவத்துக்கு ஆகலாம், கோச் கண்ணில் படுவதற்கு ஆகாது. பெண்கள் லாக்ரோஸ் கல்லூரிக் கோச்களின் சங்கமான ஐடபிள்யூஎல்சிஏ நடத்தும் தொடர்களில் கிளப்புக்கு இடம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். வருகிற கோச்களின் பட்டியல் என்று காட்டினால் அது இந்த ஆண்டுடையதா, பழையதா, எந்த வயதுப் பிரிவுக்கு வந்தவர்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

கிளப்பின் ரெக்ரூட்டிங் (கல்லூரிச் சேர்க்கை) பொறுப்பாளர் உருப்படியாகச் செய்யக்கூடியவை சில: மகள் எந்த மட்டத்தில் ஆடத் தகுந்தவள் என்று ஒளிக்காமல் சொல்வது, ஆட்டங்களைப் படம்பிடிக்க ஏற்பாடு செய்வது, கல்லூரிக் கோச் அழைத்துக் கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்வது. செய்ய முடியாததும் ஒன்று உண்டு. செப்டம்பர் 1க்கு முன் முதல் டிவிஷன் கல்லூரியின் விருப்பத்தை உங்களிடம் தூது சொல்ல விதியில் இடமில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரிடம் ‘அந்தக் கோச் உங்கள் மகளை எடுத்துக்கொள்வதாக என்னிடம் சொல்லிவிட்டார்’ என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் விதியை மீறுகிறார், அல்லது கட்டணம் கட்ட வைக்கப் பார்க்கிறார்.

கல்லூரிக் கோச்சுக்குக் கடிதம் எழுத வேண்டியது மகள்தான். அப்பா எழுதும் நீண்ட மின்னஞ்சலை யாரும் படிப்பதில்லை. நம் வீடுகளில் இது நடப்பதால் சொல்கிறோம். பெயர், பட்டமளிப்பு ஆண்டு, களத்தில் ஆடும் நிலை, கிளப், அணி, சீருடை எண் ஆகியவை தலைப்பு வரியிலேயே வர வேண்டும். உள்ளே ஆட்ட நேரம், கள எண், மதிப்பெண் சராசரி, வீடியோ இணைப்பு, அந்தக் கல்லூரியை ஏன் விரும்புகிறாள் என்று இரண்டு வரி. தொடருக்கு ஒரு வாரம் முன் ஒருமுறை, கள எண் மாறினால் மீண்டும் ஒருமுறை அனுப்பலாம். செப்டம்பர் 1க்கு முன் முதல் டிவிஷனிலிருந்து பதில் வராது. கேள்வித்தாளோ முகாம் அறிவிப்போ வந்தால் அது அழைப்பு அல்ல. சீருடை எண் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். இலையுதிர் காலத்தில் ஒரு எண், கோடையில் வேறு எண் என்று மாற்றும் கிளப்பில், கோச் குறித்துக்கொண்டு போனது இன்னொரு பிள்ளையின் ஆட்டமாக முடியும். வீடியோ மூன்று, நான்கு நிமிடம் போதும். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் மகளை வட்டமிட்டுக் காட்ட வேண்டும். கோல்களை மட்டும் கோத்துப் போடாமல் தரையில் கிடக்கும் பந்தை எடுப்பது, பந்தை இழந்தபின் துரத்துவது, இடது கையால் பாஸ் கொடுப்பது எல்லாம் இருக்கட்டும். பின்னணியில் பாட்டு வேண்டாம்.

பணம் பற்றி உங்கள் கட்டுரை ‘முழு ஸ்காலர்ஷிப்’ என்று எழுதியிருந்தது. முதல் டிவிஷனில் 2024-25 கல்வியாண்டு வரை ஒரு கல்லூரிக்குப் பெண்கள் லாக்ரோஸில் 12 முழு உதவித்தொகைக்கு ஈடான தொகைதான் உச்சவரம்பு. அதை முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025 ஜூனில் என்சிஏஏ மீதான வழக்கில் நீதிமன்றம் ஏற்ற சமரச ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கி, அணியில் 38 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்தது. வரம்பு போனதால் பணம் கூடிவிடும் என்பதில்லை. அது அந்தந்தக் கல்லூரியின் பட்ஜெட். ஹார்வர்டு, யேல் போன்ற எட்டுக் கல்லூரிகள் அடங்கிய ஐவி லீக்கிலும் மூன்றாம் டிவிஷனிலும் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஆனால் பெண்கள் லாக்ரோஸ் ஆடும் கல்லூரிகள் மூன்றாம் டிவிஷனில்தான் மிக அதிகம். அங்கே மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் கிடைக்கும் உதவி, பல நேரங்களில் முதல் டிவிஷன் தரும் கால்பங்கு ஸ்காலர்ஷிப்பைவிட அதிகம். ஆகவே கிளப் பயிற்சிக்காக இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, கணக்குப் பாடத்தில் மதிப்பெண் இறங்கினால் அது நஷ்டக் கணக்கு. முதல் டிவிஷன் தகுதிக்கு 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும்; அவற்றில் பத்தை 12ஆம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும்.

எச்-4 விசாவில் (எச்-1பி பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தரும் உதவியைப் பெறத் தடையில்லை; ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி கொள்கை மாறும். செப்டம்பர் 1க்குப் பின் நடக்கும் முதல் சில உரையாடல்களிலேயே இதைக் கேட்டுவிடுவது நல்லது. விசா நிலையை மறைத்து வைத்துக் கடைசியில் சொன்னால், கணக்குப் போட்டு வைத்திருந்த கோச்சுக்கும் சங்கடம், உங்களுக்கும் ஏமாற்றம்.

கிளப் கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். சில தொடர்களில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. முழங்கால் தசைநார் கிழிந்தால் ஒரு பருவமே போகும். இந்தக் காயம் இளம்பெண்களுக்கு ஆண் பிள்ளைகளைவிட அதிகம் வருகிறது. காயமானால் பணம் திரும்புமா என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால், திரும்பாது என்றே கொள்ளுங்கள். குதித்து இறங்கும் பயிற்சியோடு ஒழுங்காக வார்ம்-அப் செய்யாத கிளப்புக்கு எந்தப் பட்டியல் இருந்தாலும் மகளை அனுப்ப வேண்டாம்.

டிரைஅவுட்டில் ஓடும் பிள்ளைகளைப் பார்ப்பதைவிட, சாதாரண வாரநாள் பயிற்சி ஒன்றைப் பார்ப்பது மேல். விளம்பரத்தில் இருக்கும் பெயர்பெற்ற இயக்குநர்தான் உங்கள் மகளின் அணிக்குப் பயிற்சி தருகிறாரா, அல்லது கோடை விடுமுறைக்கு வந்த கல்லூரி மாணவியா? தவறு செய்தால் ஆட்டத்தை நிறுத்தித் திருத்துகிறார்களா, கத்திவிட்டுப் போகிறார்களா? வரிசையில் நிற்கும் நேரம் அதிகமா, பந்து கையில் இருக்கும் நேரம் அதிகமா? டிரைஅவுட் முடிந்த ஓரிரு நாளில் பதில் சொல், முன்பணம் கட்டு என்று நெருக்குவது இந்த வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. அதனால் விசாரணையெல்லாம் ஜூனிலேயே முடிந்திருக்க வேண்டும்.

கிளப் மாற்றுவதானால் ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடைக்குப் பிறகு மாற்றுங்கள். புதிய அணியோடு பழகப் பத்தாம் வகுப்பின் இலையுதிர் காலம் முழுவதும் கிடைக்கும். பத்தாம் வகுப்பு வசந்தத்தில், பள்ளி ஆட்டம் நடக்கும்போது மாற்றினால், கோச்கள் பார்க்க வரும் ஜூன் மாதத்தில் மகள் புது அணியில் பெயர் தெரியாத 23ஆவது ஆளாக நிற்பாள்.

இப்படிக்கு,
லாக்ரோஸ் பயிற்சியில் ஈடுபட்டுள்ள தமிழ்ப் பெற்றோர் சிலர்,
ஹோவர்ட் கவுண்டி, மேரிலாந்து