ரீமேக்கும் தழுவலும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்த் திரையுலகில் சொந்தக் கதைக்குப் பஞ்சம் வந்துவிட்டது என்று சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்த வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கட்டுரையாளர் ரீமேக் படங்களையும் நாவலிலிருந்து எடுத்த படங்களையும் ஒரே குற்றப்பட்டியலில் சேர்த்துவிட்டார். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்த நாவல். கொலை செய்துவிட்டுத் தந்தையோடு ஒளிந்து திரியும் ஒரு சிறுவனின் நாட்கள்தான் அதில் பெரும்பகுதி. வெற்றிமாறன் 2019இல் அதை 'அசுரன்' ஆக்கியபோது தந்தையின் இளமைக்காலத்தைத் தனிக்கதையாகவே வளர்த்தார். நாவல் மகனுடையது; படம் அப்பனுடையதாகிவிட்டது. எனக்கு நாவல்தான் ஒரு படி மேல். இருந்தாலும், அங்கே ஓர் இயக்குநர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதை மறுக்க முடியாது. அதே படம் 2021இல் தெலுங்கில் 'நாரப்பா' என்று வந்தபோது, யோசிக்க யாருக்கு என்ன மிச்சமிருந்தது?

இதைவிடத் தெளிவான சாட்சி 'சூரரைப் போற்று'. விமான நிறுவனம் நடத்திய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையையும் அவர் எழுதிய நூலையும் அடிப்படையாக வைத்து சுதா கொங்கரா இயக்கிய படம். 2020இல் நேராக ஓடிடிக்கு வந்தது. கர்நாடகக்காரரின் கதை சோழவந்தான் வாத்தியார் மகனின் கதையாக மாறி, மதுரைப் பேச்சும் கோபமும் அதில் ஏறின. தேசிய விருதுகளும் கிடைத்தன. பிறகு அதே இயக்குநர் அக்ஷய் குமாரை வைத்து அதே கதையை 2024இல் ஹிந்தியில் 'சர்ஃபிரா' என்று எடுத்தார். தியேட்டர்கள் காற்று வாங்கின. நூலிலிருந்து படம் செய்தபோது இருந்த உழைப்புக்கு, படத்திலிருந்து படம் செய்தபோது இடமே இல்லாமல் போய்விட்டது.

ரீமேக்கே கூடாது என்று வாதாட நான் வரவில்லை. எங்கள் பெற்றோர் தலைமுறைக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை' ஓர் எம்.ஜி.ஆர். படம், அவ்வளவுதான். 1964இல் தெலுங்கில் வந்த 'ராமுடு பீமுடு'தான் அது என்று தென்னாப்பிரிக்காவில் நாங்கள் வாழும் டர்பனில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எங்கள் ஊர்த் தெலுங்குக் குடும்பங்களுக்குத் தெரிந்திருந்தாலும் வெளியே சொன்னதில்லை! ஒரு மொழிப் படம் இன்னொரு மொழிக்காரரை எட்டாத காலம் அது. ரீமேக் எடுத்தவர் அப்போது உண்மையிலேயே ஒரு வேலை செய்தார்.

இன்று அந்த வேலை தீர்ந்துபோய்விட்டது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வளரும் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம். தமிழ்ப் படத்தையே சப்டைட்டில் படித்துத்தான் பார்க்கிறார்கள். தமிழுக்குப் படிக்கிற கண், மலையாளத்துக்குப் படிக்காதா? 2021 பிப்ரவரியில் 'த்ரிஷ்யம் 2' ஓடிடிக்கு வந்ததும் என் பேரப்பிள்ளைகள் மோகன்லாலின் குரலிலேயே அதைப் பார்த்து முடித்துவிட்டார்கள். முடிவு தெரிந்த மர்மக் கதையை வேறு முகங்களோடு இன்னொரு முறை யார் பார்ப்பது? அடுத்த ஆண்டு ஹிந்தியில் அது வசூலை அள்ளியது உண்மைதான். அந்த ஒரு கணக்கைக் காட்டியே தயாரிப்பாளர்கள் இன்னும் பல உரிமைகளை வாங்குவார்கள். ஓடிய படம் ஒன்று கையில் இருந்தால் பைனான்சியரிடம் கதை சொல்ல வேண்டியதில்லை, போட்டுக் காட்டினால் போதும்.

2017இல் ஜெயன் மூட்லி எங்கள் சாட்ஸ்வொர்த்தை வைத்து 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்' எடுத்தார். அண்டை வீட்டுத் தாய்மார்களுக்குள் பகை, பிள்ளைகளுக்குள் காதல். கரு எவ்வளவு பழையது! ஆனாலும் அந்த இரு பெண்கள் ஒருவரையொருவர் குத்திப் பேசும் பேச்சு எங்கள் தெருவில் காதில் விழும் பேச்சு. எந்த ஊரிலிருந்தும் உரிமை வாங்கி வந்ததல்ல. (வெற்றிக்குப் பிறகு கல்யாணம், பயணம் என்று அடுத்தடுத்த பாகங்கள் வந்ததையும் சொல்லிவிட வேண்டும். அந்த நோய் இங்கும் உண்டு.)

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று: மூலத்தைப் படைத்தவருக்கு என்ன கிடைக்கிறது? தென்னாப்பிரிக்கர்களுக்கு இது ஆறாத புண். ஜூலு பாடகர் சாலமன் லிண்டா 1939இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பதிவுசெய்த 'ம்புபே' பாடல், அமெரிக்காவில் வேறு பெயரும் வேறு வரிகளும் பெற்று உலகைச் சுற்றியது. டிஸ்னியின் 'தி லயன் கிங்'கிலும் ஒலித்தது. லிண்டாவோ 1962இல் வறுமையில் இறந்தார். மகள்கள் வழக்காடிய பின், 2006இல்தான் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? 'சந்திரமுகி'யைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேருக்கு, அதன் மூலமான 1993ஆம் ஆண்டு மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' எழுதிய மது முட்டத்தின் பெயர் தெரியும்?

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ரீமேக் படத்துக்கு விமர்சனம் எழுதும்போது மூலப்படத்தின் பெயரையும் அதன் கதாசிரியர் பெயரையும் முதல் பத்தியிலேயே அச்சிடுங்கள். நாவலைத் தழுவிய படமாக இருந்தால், அந்த நாவல் இப்போது எந்தப் பதிப்பகத்தில் கிடைக்கிறது, விலை என்ன என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இங்கிருந்து தபாலில் வரவழைக்க எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.