சூடேறாத வால்வு

பர்மிங்ஹாம்,
தை 6

அன்புள்ள அப்பச்சிக்கு,

நலம். ஆத்தாவின் முழங்கால் வலி தேவலையா? கொடுத்துவிட்ட சீப்புச்சீடையில் கால் டப்பாதான் மிச்சம். இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது.

"அவ்வளவு தூரம் போய் பெயிண்ட் அடிக்கிற வேலையா?" என்று போனில் கேட்டீர்களே, கிட்டத்தட்ட அதுதான்: எலக்ட்ரானை வெளியே விடுகிற ஒரு பூச்சைத் தகட்டில் பூசுகிறேன். பட்டாலையில் ஐயாவின் வால்வு ரேடியோ இருக்கிறதல்லவா? திருகினதும் பாடாது, வால்வு சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கேத்தோடு (எதிர்மின்வாய்) 700, 800 டிகிரிக்குக் காய்ந்தால்தான் எலக்ட்ரான் கிளம்பும், உலை கொதித்தால்தான் ஆவி வருகிற மாதிரி. எங்கள் பூச்சுக்கு அந்த அடுப்பே வேண்டாம். வெற்றிடத்தில் கூரான முனைக்கு எதிரே பலமான மின்புலம் வைத்தால், எலக்ட்ரான் தன்னை உள்ளே அடைத்து வைத்திருக்கும் மதிலேறிக் குதிக்காமல் மதிலுக்குள்ளேயே புகுந்து வெளியே வந்துவிடும். 1928இலேயே ஃபௌலர், நார்தைம் என்ற இயற்பியலாளர்கள் இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் ஊசிமுனை செய்வது செலவு, சீக்கிரம் மழுங்கியும் போகும். அதனால்தான் பூச்சு. 1988இல் இதே ஊரில் பாஜிச், லாதம் என்ற இருவர் பிசினில் கரித்தூளைக் குழைத்துப் பூசிக் காட்டினார்கள். நாங்கள் சிலிக்காவில் பென்சில் கரியான கிராஃபைட்டைக் கலக்கிறோம். நம் வீட்டுச் சுவரில் கொத்தனார் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, ஒரு பரு தெரியாமல் கண்ணாடியாகத் தேய்த்திருப்பார். எனக்கு அந்தப் பருதான் வேண்டும். துருத்தி நிற்கிற கரித்துகளில்தான் மின்புலம் குவியும். அதன்மேல் படிந்த மெல்லிய சிலிக்காத் தோல் வழியாக எலக்ட்ரான் கசிந்து வரும். மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சில ஆயிரம் வோல்ட் போதும்.

போன வாரம் கையுறை இல்லாமல் தகட்டின் ஓரத்தைத் தொட்டுத் தொலைத்தேன். விரல் எண்ணெய் ஆவியாகிக்கொண்டே இருந்ததில் உள்ளே அழுத்தம் இறங்கவே இல்லை, பம்ப் இரண்டு நாள் ஓடியது. அப்புறம் எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் திரையில் பார்த்தால் பச்சையாக ஏழே புள்ளிகள்! தகடு முழுக்கப் பூ இறைத்த மாதிரி வரும் என்றிருந்தேன். முந்திக்கொண்ட சில துகள்கள் மின்னோட்டம் மொத்தத்தையும் இழுத்துக்கொள்கின்றன, மற்றவை சும்மா கிடக்கின்றன. பந்தியில் இப்படி நடந்தால் நீங்கள் விடுவீர்களா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புள்ளி அணைந்தும் போனது.

காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்தில் முலாம் பூசக் கற்றபோது மேடுபள்ளம் இருந்தால் திட்டு வாங்குவேன். இங்கே மேடு போதவில்லை என்று திட்டு.

சரி, அந்தப் பழஞ்சாமான் கடைக்காரர் மறுபடி வந்தால் ரேடியோவைக் கொடுத்துவிடாதீர்கள். பின்மூடியைக் கழற்றி, வால்வு எல்லாம் உடையாமல் இருக்கின்றனவா என்று தம்பியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்