மழைத்தண்ணிக்குக் காசு தரமாட்டோம்னு உங்ககிட்ட யாரு சொன்னது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ் தலையங்கத்துல, "இலவசத்துக்குப் பழகிப்போன சென்னைவாசி மழைநீர் வடிகாலுக்குப் பத்து பைசா தரமாட்டான்"னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. தரமாட்டான். ஒருமையில சொன்னதை விடுங்க, 24 வருஷமா சந்தா கட்டுறவன், உங்க உரிமை. ஆனா தரமாட்டேன்னு நான் எப்போ சொன்னேன், யாராவது வந்து கேட்டாத்தானே சொல்றதுக்கு?

கேக்காமலே குடுத்துட்டுத்தான் இருக்கேன். 1998க்கு அப்புறம் ஏத்தவே இல்லைன்னு சொல்லி 2022 ஏப்ரல்ல சொத்து வரியை ஒரேயடியா ஏத்துனாங்க இல்லையா, எங்க மடிப்பாக்கம் 2011ல சென்னையோட சேர்ந்த ஏரியாங்கறதால என் 1,100 சதுர அடி வீட்டுக்கு 50 சதவீதத்தோட விட்டாங்க, பழைய சென்னையில இதே அளவு வீட்டுக்கு 75. அப்புறம் 2024ல இன்னொரு 6 சதவீதம். அரையாண்டு பொறந்த உடனே ஓடிப்போய்க் கட்டி 5 சதவீதத் தள்ளுபடி வாங்குற ஆளு நானு. குடிநீர், கழிவுநீர் வரி தனி. இதுல எது இலவசம்னு தலையங்கம் எழுதினவர் சொன்னா நல்லாருக்கும்.

என் வாசல்ல வடிகால் கட்டின கதை தனி. பள்ளம் தோண்டிப் போட்டுட்டுப் போனவங்க ஏழு மாசம் திரும்பிப் பாக்கல, ரெண்டு பலகை போட்டு அது மேலதான் நானும் என் சம்சாரமும் நடந்தோம், அவங்களுக்கு அப்பத்தான் முட்டி ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. கட்டி முடிச்சப்போ வடிகால் மூடி என் கேட்டை விட அரை அடி உசரம். அதுக்கு மேல ரோடும் பழசைச் சுரண்டாம அப்படியே போட்டாங்க. இப்போ என் வீட்டுத் தண்ணி வடிகாலுக்குப் போகணும்னா ஏணி வச்சு ஏறணும். தூர் வாரினது ஒரே ஒரு தடவை, அந்தச் சேத்தையும் அள்ளாம வடிகால் ஓரமாவே குவிச்சு வச்சிட்டுப் போயிட்டாங்க, அடுத்த மழையில அது பத்திரமா உள்ள போய் உக்காந்துடுச்சு.

நான் பேங்க்ல லோன் செக்‌ஷன்ல 31 வருஷம் குப்பை கொட்டினவன். வீடு கட்ட லோன் குடுப்போம், வீட்டைக் கூட்டிப் பெருக்க லோன் குடுக்கமாட்டோம். சென்னை விஷயமும் அதுதான். கோவளம் வடிநிலத்துல, அதாவது அந்தப் பக்கத்துத் தண்ணி சேர்ந்து வடியுற பகுதியில, மழைநீர் வடிகால் கட்ட ஜெர்மனியோட கே.எஃப்.டபிள்யூ வங்கி கடன், கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு 2021ல ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன். கடனைத் தப்புன்னு சொல்லல, கட்டுறதுக்குக் கடன் வாங்கலாம். ஆனா வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி தூர் வார, உடைஞ்ச மூடி மாத்த, திருட்டுத்தனமா சாக்கடையைக் கொண்டாந்து இணைச்சவங்களைப் பிடிக்க, இதுக்கெல்லாம் யாரு கடன் குடுப்பா? எங்க தெரு வடிகால்ல மே மாசம் கூட தண்ணி ஓடுது சார், அது எந்த மேகத்துல இருந்து வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

என் பொண்ணு பெர்லின்ல இருக்கா. அந்த ஊர்ல மழைத்தண்ணிக்குத் தனியா ஒரு கட்டணம் உண்டு, கூரை எவ்வளவு, சிமென்ட் தரை எவ்வளவு, அதுல எவ்வளவு பரப்போட தண்ணி வடிகாலுக்குப் போகுதுன்னு கணக்கு, சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு சுமார் ரெண்டு யூரோ. மண்ணா விட்ட இடத்துக்குக் காசில்ல. அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவும் 2010ல இருந்து இந்தக் கணக்குக்கு மாறிடுச்சு, முன்னாடி தண்ணி மீட்டரைப் பாத்து வாங்கினாங்க, அதனால மீட்டரே இல்லாத பார்க்கிங் மைதானமெல்லாம் தப்பிச்சுட்டு இருந்துச்சு.

இங்க பாருங்க. ஒரு கிரவுண்டுல, அதாவது 2,400 சதுர அடியில, 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா 22,000 லிட்டர் சொச்சம், ரெண்டு லாரித் தண்ணி. நான் 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சொன்னப்பவே குழி வெட்டினவன், பாதி மனையை மண்ணாவே விட்டு ஒரு தென்னை, ஒரு கறிவேப்பிலை. பக்கத்து அபார்ட்மென்ட்ல ஒரு சாண் மண் கிடையாது, காருக்காக சுவத்துல இருந்து சுவர் வரைக்கும் டைல்ஸ், அந்தத் தண்ணி மொத்தமும் என் கேட்டுக்கு வருது. சொத்து வரிங்கறது கட்டடத்துக்குத்தான், வெளிய பூசுன தரையை யாரும் அளக்கிறதில்ல. 2019 வறட்சியில அதே அபார்ட்மென்ட்காரங்களோட லாரிக்கு லைன்ல நின்னவன் நான், 2015ல எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, 2023 மிக்ஜாம் புயல்ல முழங்கால் அளவு. நாராயணபுரம் ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவுங்கற ஓடை, பக்கிங்காம் கால்வாய்னு போக வேண்டிய தண்ணி ஐயா அது, சதுப்பு நிலத்துல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?

அதனால கட்டணம் போடுங்கன்னுதான் சொல்றேன், நான் தரேன். குடிசைக்கும் சின்ன வீட்டுக்கும் வேண்டாம். மால், கல்யாண மண்டபம், ஐ.டி. கம்பெனி பார்க்கிங், கவர்மென்ட் ஆபீஸ் வளாகம் உட்பட எல்லாத்தையும் டேப் வச்சு அளக்கட்டும், மண்ணா விட்டவனுக்குக் கழிக்கட்டும். ஆனா அந்தக் காசு தனிக் கணக்குல நிக்கணும், பொதுக் கஜானாவுல போட்டா அது போன வழி தெரியாது. அந்தப் பயத்துலதான் ஜனங்க யோசிக்கிறாங்க, இலவசப் பழக்கத்துல இல்ல.

நான் கேக்குறது சின்ன விஷயம். வர்ற அக்டோபருக்குள்ள ஒரே ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த வார்டுல தூர் வார எவ்வளவு செலவாச்சுன்னு கேட்டு வாங்கிப் போடுங்க, ஜோசியத்துக்கு ரெண்டு பக்கம் தர்றீங்களே. உங்க நிருபர் எங்க தெருவுக்கு வந்தா காபி தரேன், வாசல்ல குவிஞ்ச சேறு இருந்த இடத்தையும் காட்டறேன்.

இப்படிக்கு,
பழைய வாசகன் (பத்து பைசா தரமாட்டாதவன்),
மடிப்பாக்கம்

பி.கு: இதுக்கு முன்னாடி எழுதின ரெண்டு கடிதமும் வரல. இதையும் வெட்டித்தான் போடுவீங்க, எதை வேணா வெட்டுங்க, பெர்லினை வெட்டினாக்கூடப் பரவாயில்ல, உங்க தலையங்க வரியை மட்டும் விட்டுவைங்க.