எண் தெரியும், பேசத் தெரியவில்லை

அவசர மருத்துவ சேவையின் விழிப்புணர்வு வேலையைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சுவரொட்டி, தொலைக்காட்சி, ஆம்புலன்ஸின் முதுகு என்று கண்ணில் படும் இடமெல்லாம் அந்த எண்ணை எழுதிவைத்திருக்கிறீர்கள். நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் எண்ணை அழுத்திய பிறகு என்ன நடக்கும் என்பதை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

சில வருடங்களுக்கு முன் என் மாமா தன் வீட்டுக் குளியலறை வாசலில் சரிந்து விழுந்தார். ஒரு கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் போன் செய்தேன். எடுத்த பெண் முதலில் கேட்டது, "எங்கேருந்து பேசறீங்க?" நான் சொன்னது, "சீக்கிரம் வண்டிய அனுப்புங்க." அவர் மறுபடியும் முகவரியைக் கேட்டார். பதினைந்து வருடமாகப் போய்வரும் வீடு, கதவு எண் தெரியாது. மேசையில் கிடந்த மின் கட்டண ரசீதை எட்டி எடுத்துப் படித்தேன்.

"மூச்சு விடறாரா?"

"விடறாரு. குறட்டை மாதிரி வருது."

"ஒவ்வொரு தடவை மூச்சு வரும்போதும் 'இப்போ'ன்னு சொல்லுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவர் கதை கேட்கிறாரே என்று கத்திவிட்டு போனை வைத்தேன். கார் கொண்டுவரச் சொல்லி மாமா மகனைக் கூப்பிட்டேன். நான் அவனோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெண் இரண்டு முறை திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். எடுக்கவில்லை.

மாமா பிழைத்தது என்னால் அல்ல. சத்தம் கேட்டு வந்த மேல்வீட்டுப் பெண் ஒரு நர்ஸ். பார்த்ததுமே அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சை அமுக்க ஆரம்பித்துவிட்டார். காருக்கு முன்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. முகவரியைச் சொன்ன நொடியிலேயே வண்டி கிளம்பிவிட்டதாம். வண்டியை அனுப்புவது ஒருவர், என்னோடு பேசியது இன்னொருவர். கேள்விகளால் வண்டி ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை.

அந்தக் குறட்டை மூச்சே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இதயம் நின்றுபோன பிறகும் சில நிமிடங்களுக்கு அப்படி விட்டுவிட்டு ஓர் இழுப்பு வரும். பார்ப்பவர்களுக்கு மூச்சு விடுவதுபோல் இருக்கும். அதனால்தான் போனில் பேசிய பெண் "இப்போ" சொல்லச் சொன்னார். இழுப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று எண்ணிப்பார்க்க. நான் பொறுமையாக இருந்திருந்தால் அடுத்த வாக்கியத்திலேயே நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைக்கச் சொல்லி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கச் சொல்லி, கூடவே எண்ணியும் காட்டியிருப்பார். நெஞ்சை அமுக்க ஆளில்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நான் எத்தனை நிமிடத்தைத் தின்றேன் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை.

பக்கவாதத்திலும் இப்படித்தான். "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?" என்று கேட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு எரிச்சல் வருகிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கணக்கு இந்தப் பதிலில் இருந்துதான் தொடங்குகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் யார் எரிச்சல்படப் போகிறார்கள்?

1935இல் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயைப் பார்த்துப் போன் செய்த பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசி நிலையத்தின் வரிசையில் மாட்டிக்கொண்டார். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1937இல் வந்த 999 என்ற பிரிட்டனின் அவசர அழைப்பு எண். அழைப்பு போய்ச் சேராத சிக்கலை அவர்கள் அன்றைக்கே கையில் எடுத்துவிட்டார்கள். போய்ச் சேர்ந்த பிறகு பேசத் தெரியாத சிக்கல் இன்னும் அப்படியே கிடக்கிறது.

அப்புறம், "தேவையில்லாமல் அழைக்காதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். விளையாட்டுக்குப் போன் செய்கிறவன் அதைப் படித்துத் திருந்தப்போவதில்லை. படிப்பவர் யாரென்றால், நடுராத்திரி நெஞ்சை அடைக்கும்போது "அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு, விடியட்டும்" என்று உட்கார்ந்திருக்கும் வயதானவர். மூன்று நாள் காய்ச்சலுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது தப்புதான், மறுக்கவில்லை. அதற்கு வேறு ஆலோசனை எண் இருந்தால் பக்கத்திலேயே போடுங்கள். ஆனால் "சந்தேகமாக இருந்தால் கூப்பிடுங்கள், அவசரமா இல்லையா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வரிதான் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

மற்றபடி நான் கேட்பது பெரிய செலவு இல்லை. எண்ணுக்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. முதலில் இடத்தைச் சொல்லுங்கள்; நாங்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும், வாசலில் ஓர் ஆளை நிறுத்தினால் வண்டி தேடி அலையாது என்பதையெல்லாம் வானொலியில் சொல்லிக்கொள்ளலாம். பள்ளிகளில் எண்ணை ஒப்பிக்க வைப்பதற்குப் பதிலாக, ஒரு பிள்ளை போன் செய்ய இன்னொரு பிள்ளை கேள்வி கேட்க, பத்து நிமிடம் நடித்துப் பார்க்க விடுங்கள். வீட்டுக் கதவு எண் எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட, ஓர் உண்மையான அழைப்பை மக்கள் காதால் கேட்க வேண்டும். என் அழைப்பின் பதிவு இன்னும் உங்களிடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவின் பெயரையும் முகவரியையும் மட்டும் வெட்டிவிடுங்கள், என் கத்தல் அப்படியே இருக்கட்டும். நான் போனை வைத்த இடத்துக்குப் பிறகு, சொல்ல வந்த அடுத்த வாக்கியத்தை அந்தப் பெண்ணையே பேசச் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
போனைப் பாதியில் வைத்தவன்