ஒரு மாதம் கழித்தும் கேளுங்கள்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கு, வணக்கம்.

போன வாரம் என் அக்காவின் விபத்து இழப்பீட்டு வழக்கில், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அவளுடைய டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்து ஒரு வரியைப் படித்தார்: நோயாளி நல்ல நினைவுடன், அமைதியாக இருக்கிறார். அப்படியென்றால் இப்போது சொல்கிற மனப் பாதிப்பெல்லாம் பணத்துக்காகத்தானே என்று கேட்டார். அக்கா பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

அமைதியாகத்தான் இருந்தாள். பைக் ஓட்டிய மாமா அந்த இடத்திலேயே போய்விட்டார், இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தைரியசாலி என்று வார்டில் எல்லோரும் மெச்சினார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் தொடங்கியது. லாரியின் ஏர் பிரேக் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பாத்திரம் நழுவிவிடும், ராத்திரி தூக்கம் கிடையாது, பையனைப் பள்ளிக்கு அழைத்துப்போக பைபாஸ் ரோட்டைத் தாண்ட வேண்டும் என்பதால் அவன் பல நாள் வீட்டிலேயே இருந்தான். பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டியதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் சிகிச்சை.

உங்களுக்குத் தெரியாததில்லை. முதல் நாட்களில் நடுங்கி அழுகிற பலர் சில வாரங்களில் தானாகவே தேறிவிடுகிறார்கள். பின்னாளில் பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய், வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், முதல் மாதத்தில் பார்த்தால் உடனடி மன அழுத்தக் கோளாறு என்று சொல்லும் அளவுக்கு அறிகுறி காட்டாதவர்கள். ஆறு மாதம் கழித்துத்தான் முழுதாகத் தெரியவரும் என்பதும் உண்டு. பிடிஎஸ்டி என்று முடிவு செய்யவே அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். அப்படியிருக்க, மூன்றாம் நாள் எழுதிய ஒரு வரியை வைத்து ஒருத்தியின் மனதுக்கு எப்படித் தீர்ப்பு எழுத முடியும்?

2021 டிசம்பரில் நீங்கள் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் இலவச சிகிச்சையால், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்தில் எத்தனையோ உயிர்கள் பிழைக்கின்றன, அதற்குக் கைகூப்புகிறேன். ஆனால் பிழைத்தவரிடம் ஒரு மாதம் கழித்து, தூக்கம் வருகிறதா, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறதா, சாலைப் பக்கம் போக முடிகிறதா என்று கேட்க ஆள் வேண்டாமா? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்கள், இந்த மூன்று கேள்வியையும் சேர்த்துக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம் என்பீர்கள். சரி, தனக்கு வந்திருப்பது நோய் என்றே தெரியாதவள் எப்படிக் கூப்பிடுவாள்?

சிதைந்த உடல்களைத் தூக்கும் 108 ஊழியர்களையும் நெடுஞ்சாலைக் காவலர்களையும் யார் கேட்கிறார்கள்? மறுநாள் காலையில் டூட்டிக்கு வந்துவிட்டால் அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று கணக்கு. இதைச் சொன்னால் கோபம்தான் வருகிறது, மன்னியுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மாதம் கழித்தும், ஆறு மாதம் கழித்தும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்க வரவேண்டிய தேதிக்குக் கீழேயே, மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டிய தேதியையும் எழுதித்தர எல்லா மருத்துவமனைகளுக்கும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விபத்தில் பிழைத்த ஒருத்தியின் தம்பி